ஒளி வேறு, வெளுப்பு வேறு

திருமண மண்டபத்தின் வாயிலிலே, தெருவின் முனையிலே, நாற்சந்தியின் நடுவிலே ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கின்றன அந்தப் படங்கள். மணமகன் முகம் தகதகக்கிறது. மணமகள் கன்னத்திலே நிலவு காய்கிறது. நெற்றியிலே பொன் உருகி வழிகிறது. காண்போர் வியக்கிறார்கள். "என்ன பளபளப்பு! என்ன களை!" என்று புகழ்கிறார்கள். எடுத்தவருக்குப் பெருமை, எடுக்கப்பட்டவருக்கு மகிழ்ச்சி, பணம் கொடுத்தவருக்கு நிறைவு.

நாமும் பார்த்தோம். முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தோம். மாலை ஏந்திய கை, வெயிலிலே உழைத்து வளர்ந்த நம் மக்களின் கை, மண்ணின் நிறம். முகமோ மாவின் நிறம்! கழுத்து வரையில் ஒரு நாடு. கழுத்துக்கு மேலே வேறொரு நாடு! ஓருடலை இரண்டாக்கும் அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் யார்? இயற்கையா? இல்லை, கணிப்பொறியின் முன் அமர்ந்து, இரவெல்லாம் கண்விழித்துப் படம் திருத்திய ஒரு தொழிலாளி. அவரை அவ்வாறு வரையச் செய்தது எது? அதைத்தான் ஆராய விரும்புகிறோம்.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறோம். படத்தைத் திருத்துவதே குற்றம் என்று பேசுவோர் கூட்டத்தில் நாம் இல்லை. உருவப்படம் ஒரு கலை. ஓவியன் தூரிகையால் செய்வதை ஒளிப்படக் கலைஞர் விளக்கால் செய்கிறார். விளக்கால் செய்ய இயலாததைத் திருத்தத்தால் செய்கிறார். உள்ளதை உள்ளபடி காட்டுவது ஒன்றே கலையின் கடமையென்றால், கல்லிலே சிற்பம் எதற்கு? கதையிலே கற்பனை எதற்கு? முகத்திலே ஒளி ததும்பும்படி, வெண்கலச் சிலை போல மின்னும்படி, ஒரு படத்தை மெருகேற்றுவதை வரவேற்கிறோம். நம் வழக்கு அழகோடு அன்று; அழகின் பெயரால் நடக்கும் ஆள்மாறாட்டத்தோடு! ஒளியூட்டுகிறோம் என்று சொல்லி வெளுப்பூட்டுகிறார்களே, அந்தப் புரட்டோடு!

* * *

திருத்தக் கலை நேற்று முளைத்ததன்று. 1855-ஆம் ஆண்டு, பாரிசு நகரத்து உலகக் கண்காட்சியிலே, மூனிச் நகரைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பார் ஒரே ஆளின் இரு படங்களை வைத்தார். ஒன்று திருத்தியது, மற்றது திருத்தாதது. திரண்டு வந்தோர் திகைத்தனர். ஒளிப்படம் பொய் சொல்லாது என்று நம்பியிருந்த உலகம், அதுவும் புனைந்துரைக்கும் என்பதை அன்று கண்ணாரக் கண்டது.

அதன்பின் நெடுங்காலம் திருத்துவோரின் கருவி பென்சில். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் 'டச்சிங்' என்ற பெயரால் நடந்து வந்த வேலை அது. நெகட்டிவின்மேல் மெல்லிய மெருகு தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவிலே கருமை ஏறினால் அச்சிலே வெண்மை ஏறும். ஆகவே பென்சில் பட்ட இடமெல்லாம் வெளுக்கும்; பள்ளம் நிரம்பும்; வரி மறையும். கருமையைக் கூட்ட வேண்டுமானால் கத்திமுனையால் நெகட்டிவைச் சுரண்ட வேண்டும்; கை சற்றே தவறினாலும் நெகட்டிவ் பாழ். வெளுக்கச் செய்வது எளிது, கருக்கச் செய்வது அரிது என்று கருவியின் இயல்பே அமைந்திருந்தது.

1990-ஆம் ஆண்டு ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. அந்த ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. கணிப்பொறிக்கு வெளுப்பதும் கருப்பதும் ஒன்றே. ஒரு விரலசைவிலே இரண்டும் முடியும். பென்சில் போயிற்று, கத்தி போயிற்று, இருட்டறை போயிற்று. ஆயினும் கை மட்டும் பழைய பக்கமே சாய்கிறது! கருவி மேல் பழிபோட இனி இடமில்லை. கையை ஆட்டி வைக்கும் கருத்தைத்தான் கூண்டிலேற்ற வேண்டும்.

அந்தக் கருத்து கடைத்தெருவிலே மட்டும் வாழவில்லை. அறிவியல் கூடத்திலும் குடியேறியிருந்தது. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு, நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடக் நிறுவனம் 1950-களிலிருந்து ஓர் அட்டை அனுப்பி வந்தது. அட்டையிலே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அமர்ந்த பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் வழங்கிற்று. ஷெர்லியின் முகம் செவ்வனே வந்துவிட்டால் எல்லாம் செவ்வனே வந்ததாகக் கணக்கு. கரிய முகம் அச்சிலே கண்ணும் பல்லும் மட்டுமாய்த் தெரிந்ததா? அது அந்த முகத்தின் குறை என்று சொல்லிவிட்டார்கள்!

பிறகு அந்த பிலிம் திருந்தியது. எப்படித் திருந்தியது என்பதுதான் கதையின் சுவை. மரச்சாமான் செய்வோர், தங்கள் கருமரத்துக்கும் வெளிர்மரத்துக்கும் படத்திலே வேறுபாடு தெரியவில்லை என்று முறையிட்டனர். சாக்லேட் விற்போர், தங்கள் பண்டத்தின் பழுப்பு நிறம் சரிவர வரவில்லை என்று முறையிட்டனர். நிறுவனம் செவி சாய்த்தது. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத், 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே இதனை விரிவாக எழுதியுள்ளார். மேசைக்காகவும் மிட்டாய்க்காகவும் மாறியது பிலிம். அதே பழுப்பு நிறம் படைத்த மனிதனுக்காக மாறவில்லை! பல நிறத்துப் பெண்களும் சேர்ந்து அமர்ந்த அட்டை வர 1990-கள் ஆயின.

கணிப்பொறிக் காலத்திலும் அந்தக் கோணல் தொடர்ந்தது. 2017-ஆம் ஆண்டு, ஃபேஸ்ஆப் என்ற செயலியிலே முகத்தைக் கவர்ச்சியாக்கும் ஃபில்டர் ஒன்று வந்தது. கரிய முகத்தைக் கொடுத்தால் வெளுத்த முகத்தைத் திருப்பித் தந்தது. கண்டனம் எழுந்ததும், பழக்கப் பயன்படுத்திய படங்களின் சார்பால் நேர்ந்தது என்று கூறி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எந்திரத்துக்கு நிறவெறி உண்டா? இல்லை. எந்திரத்துக்கு ஊட்டியவர்கள் எதை அழகென்று ஊட்டினார்களோ, அதை அது கக்கிற்று, அவ்வளவே.

* * *

இனி, ஒளி என்பது என்ன என்று பார்ப்போம். பகுத்தறிவாளர்க்கு இது பயனுள்ள பாடம்.

தோலின்மீது விழும் வெளிச்சம் இரு வகையாகத் திரும்புகிறது. ஒரு பகுதி, மேற்பரப்பிலுள்ள எண்ணெய்ப் பசையிலே பட்டு, கண்ணாடியிலே பட்டதுபோல் உடனே திரும்புகிறது. மற்றொரு பகுதி தோலின் உள்ளே புகுந்து, சிதறி, மெலனின் என்னும் நிறமியால் ஓரளவு விழுங்கப்பட்டு, மிச்சம் வெளியே வருகிறது. தோலின் நிறத்தைக் காட்டுவது இந்த இரண்டாம் பகுதி. மினுமினுப்பைத் தருவது முதற் பகுதி.

உள்ளே சென்று மீளும் வெளிச்சம் வெளிர்ந்த தோலிலே மிகுதி. கரிய தோலிலே குறைவு. மேற்பரப்பிலே பட்டுத் தெறிக்கும் மினுக்கமோ எல்லார் தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே, அந்த மினுக்கம் எந்தத் தோலிலே எடுப்பாகத் தெரியும்? கரிய தோலிலே அல்லவா! சுண்ணாம்புச் சுவரிலே விளக்கொளி பரவித் தேய்ந்துபோகிறது. தேய்த்துத் துலக்கிய வெண்கலக் குத்துவிளக்கிலே அதே ஒளி சுடர்க்கொடியாய் எழுந்து நிற்கிறது. ஒளியூட்டிய உருவப்படத்துக்கு இயற்கையே ஏற்பாடு செய்துகொடுத்த களம் கரிய தோல். அதைக் கொண்டுவந்து கொடுத்தால், முதல் வேலையாக அதை அழித்துவிட்டு, வெளுத்த பரப்பிலே செயற்கை மினுக்கத்தைத் தேடுகிறார்கள். இது அறமும் அன்று, தொழில்திறமும் அன்று!

தொழில் அறிந்தவர் என்ன செய்வார்? விளக்கை முகத்துக்கு நேரே வைக்கமாட்டார். பக்கவாட்டில் வைத்து, மெல்லிய துணித்திரை வழியாக அகன்ற ஒளியைப் பாய்ச்சுவார். பின்புறத்திலிருந்து ஒரு கீற்றை விட்டுத் தாடையின் ஓரத்தையும் தோளின் வளைவையும் எடுத்துக்காட்டுவார். பவுடரைக் குறைத்து, தோலின் ஈரப்பசையைக் காப்பார். சாம்பல்நிற அட்டையை ஒருமுறை படமெடுத்து, வெண்மையின் அளவைச் சரிசெய்துகொள்வார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு கணிப்பொறி. படத்தை இரண்டு அடுக்காகப் பிரிப்பார். ஒன்றிலே நிறமும் நிழலும். மற்றொன்றிலே மயிர்க்கால், மச்சம், வரி முதலிய நுண்மைகள். நிறத்திலுள்ள திட்டுகளை முதல் அடுக்கிலே சமன் செய்வார், நுண்மை அடுக்கிலே மறுநாள் மறையப்போகும் பருவை மட்டும் நீக்குவார், மயிர்க்கால்களை விட்டுவைப்பார். அவற்றையும் துடைத்துவிட்டால் தோல் தோலாக இராது, மெழுகாகிவிடும். அடுத்து, 50 விழுக்காடு சாம்பல் நிறத்திலே ஓர் அடுக்கை மேலே விரித்து, மெல்லிய தூரிகையால், நெற்றியின் மேடு, மூக்கின் தண்டு, கன்னத்தின் உச்சி ஆகிய, ஒளி இயல்பாக விழுந்த இடங்களிலே மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுவார். கன்னத்தின் கீழும் கழுத்தின் பக்கத்திலும் நிழலை ஆழப்படுத்துவார். ஒளிர்ந்த இடங்களிலே சற்றே பொன்மையும், நிழலிலே சற்றே குளிர்ச்சியும் சேர்ப்பார். முடிந்தது. முகத்தின் அடிநிறத்தைத் தொடவே இல்லை; ஆயினும் முகம் சுடர்கிறது!

அரைகுறை அறிந்தவர் என்ன செய்கிறார்? முகத்தை மட்டும் வளைத்துப் பிடித்து, முழுவதையும் ஒரே அளவில் தூக்கிவிடுகிறார். நிழலும் ஏறுகிறது, ஒளியும் ஏறுகிறது, இரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் சுருங்குகிறது. கருமையின் ஆழத்திலே உறங்கிய செம்மையும் பொன்மையும் கரைந்து, சாம்பல் பூத்தது போலாகிறது. அதை மறைக்க இளஞ்சிவப்பு. அதையும் மறைக்க ஒரு மங்கல் மூட்டம். ஒளியைக் கொன்றுவிட்டு, அதன் பிணத்துக்கு அலங்காரம்!

* * *

இது கற்பனை உரையன்று. செய்து காட்டியோர் இருக்கின்றனர். 2016-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளிவந்து, அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு பெற்ற 'மூன்லைட்' திரைப்படத்தைப் பாருங்கள். இயக்குநர் பேரி ஜென்கின்ஸ். ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன். நடிகர்களின் கரிய முகங்களுக்குப் பவுடர் அப்பி மினுக்கத்தை அடக்கும் வழக்கத்தை அவர்கள் விரும்பவில்லை. மையாமி நகரத்து வெக்கையிலே தோல் எப்படிப் பளபளக்குமோ, அப்படியே பளபளக்க விட்டனர். நிழலை நிரப்பாமல் விட்டனர். அந்த முகங்கள் இருளிலே மறைந்தனவா? இருளிலிருந்து எழுந்து வந்தன!

தென்னாப்பிரிக்காவின் சனேலே முஹோலி இன்னும் ஒரு படி மேலே போனார். 'சோம்னியாமா இங்கோனியாமா', அதாவது 'வாழ்க, கரிய பெண்சிங்கம்' என்ற பெயரிலே தம்மையே எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களிலே, திருத்தத்தின்போது தம் தோலின் கருமையை வேண்டுமென்றே மிகுதியாக்கினார். துணி உலர்த்தும் கவ்விகளையும் பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருள்களையும் மகுடமாகச் சூடினார். வெள்ளையர் வீடுகளிலே பணிப்பெண்ணாய் உழைத்த தாயின் நினைவுக்கு அவர் செய்த சிறப்பு அது.

இங்கே ஒரு கேள்வி எழும். "வெளுப்பாக்குவது பொய்யென்றால், கருப்பாக்குவதும் பொய்தானே? முஹோலிக்கு ஒரு நீதி, மண்டபத்து வாயில் படத்துக்கு ஒரு நீதியா?" நியாயமான கேள்வி. இரண்டும் உள்ளதை மாற்றுகின்றன, ஐயமில்லை. ஆனால், முஹோலி தம் உருவத்தைத் தாமே மாற்றினார். மாற்றியதை மறைக்காமல் சொன்னார். ஏன் மாற்றினேன் என்று விளக்கினார். மண்டபத்து வாயிலிலோ மாற்றம் மறைக்கப்படுகிறது. "இதுதான் நீ, இப்படி இருந்தால்தான் நீ" என்று அந்தப் பெண்ணுக்கே சொல்லப்படுகிறது. கருமை போதவில்லை என்று எந்தப் பெண்ணுக்கேனும் வரன் தட்டிப்போனதுண்டா? நம் தெருக் கடையிலே கருப்பாக்கும் களிம்பு விற்றதுண்டா? தட்டின் ஒரு பக்கத்திலே நூற்றாண்டுகளின் பாரம் கிடக்கிறது. மறு பக்கத்திலே ஒரு கலைஞர் கை வைத்து அழுத்துவதை, இரண்டும் ஒன்றே என்று சொல்வது எப்படி நடுநிலை ஆகும்?

* * *

நம் வீட்டுக்கு வருவோம். கருமையை இகழும் இந்த நோய் நம்மோடு பிறந்ததா? சங்கப் புலவர்கள் பெண்ணின் அழகைப் பாடியபோது எந்த நிறத்தைப் பாடினார்கள்? மாமையைப் பாடினார்கள்! மாந்தளிரின் மினுமினுப்புப் போன்றது என்று உரைகாரர்கள் விளக்கிய அந்தக் கருநிறத்தை. வெளிறிப்போவதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? பசலை. அழகன்று அது, பிரிவுத் துயரால் வந்த பிணி! பசலை படர்ந்து தன் மாமையைத் தின்கிறதே என்று தலைவி அழுதாள். திருக்குறளின் 119-ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பசப்பின் துயரமே. அன்று நோயென்று கண்டதை, இன்று காசு கொடுத்துப் படத்திலே பூசிக்கொள்கிறோம்!

இடையிலே புகுந்தவை பல. கதையிலே கரியவன் என்று வருணிக்கப்பட்ட கண்ணனையும் இராமனையும் காலண்டரிலே நீலம் பூசித்தான் வீட்டுக்குள் விட்டார்கள். 1975-ஆம் ஆண்டு 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது. சிவப்பானால் வேலை, சிவப்பானால் மணம் என்று விளம்பரங்கள் போதித்தன. அமெரிக்காவிலே ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட 2020-ஆம் ஆண்டு, உலகெங்கும் எழுந்த குமுறலுக்குப் பின், அதன் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. வெண்மை என்ற சொல் போய், ஒளி என்ற சொல் வந்தது. பெயரளவிலே வெற்றிதான். ஆனால் கவனியுங்கள் தோழர்களே! வெளுப்பு என்று வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்படும் காலத்திலே, ஒளி என்ற நல்ல சொல் அதற்கு முகமூடியாகிறது. படத் திருத்தத்திலும் இதே முகமூடிதான். "வெளுப்பாக்கவில்லை ஐயா, கொஞ்சம் 'க்ளோ' கொடுத்தோம்" என்கிறார்கள்.

எதிர்ப்பும் தமிழ்நாட்டிலே எழுந்தது. 2017-ஆம் ஆண்டின் இறுதியிலே, சென்னையிலே நரேஷ் நில் என்ற ஒளிப்படக் கலைஞர், பரத்வாஜ் சுந்தரோடு இணைந்து, இலக்குமி, சரசுவதி, முருகன் முதலிய உருவங்களிலே கருநிறத்தாரை நிறுத்திப் படமெடுத்தார். படங்கள் ஒளி ததும்பியவை, கருமை குன்றாதவை. தொழில்திறத்தைப் பாராட்டுகிறோம். பால்வண்ணத் தெய்வங்களே பழகிய கண்களுக்கு அவை தந்த அதிர்ச்சியையும் பாராட்டுகிறோம். ஆயினும் ஒன்று கேட்போம். கரிய பெண் அழகி என்று ஏற்கப்பட, அவள் தேவியாக வேண்டுமா? தாமரையிலே அமர்ந்தால்தான் அவள் முகத்துக்கு மதிப்பா? செவிலியாக, ஆசிரியையாக, பேருந்து நிலையத்திலே பூ விற்பவளாக அவள் இருக்கும்போதே அந்த ஒளியை அவள் முகத்திலே காட்டும் படங்கள் பெருக வேண்டும். கலையின் அடுத்த அடி அங்கேதான் விழ வேண்டும்.

* * *

தொழிலில் உள்ளோர் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: "கேட்கிறார்கள், கொடுக்கிறோம்." திருத்தும் தொழிலாளியை நாம் பழிக்கவில்லை. ஆல்பத்துக்கு இத்தனை என்று கூலி. நாளை மாலைக்குள் முடிக்கவேண்டிய நூற்றுக்கணக்கான படங்கள். கைக்கு எட்டும் தூரத்திலே, அழுத்தினால் வெளுக்கும் ஓர் ஆயத்தப் பொத்தான். அவர் என்ன செய்வார்? ஆனால், கேட்கிறார்கள் என்பது முழு உண்மையா? இரண்டு படங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டதுண்டா? நிறம் மாறாமல் ஒளியூட்டிய படத்தைக் கண்ணாலேயே காணாதவர்கள், அதை எப்படிக் கேட்பார்கள்? ஒரே பண்டத்தை மட்டும் கடையிலே அடுக்கிவைத்துவிட்டு, மக்களின் விருப்பம் இதுவே என்று சாதிப்பது வணிகரின் பழைய தந்திரம்.

சட்டம் போடலாமே என்பர் சிலர். நார்வே நாடு போட்டிருக்கிறது. விளம்பரத்தில் வரும் ஆளின் உடல் வடிவமோ, அளவோ, தோலோ திருத்தப்பட்டிருந்தால் அதைக் குறிக்கும் முத்திரை வேண்டும் என்று 2021-ல் நிறைவேறிய சட்டம், 2022 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. நல்லது. ஆனால் முத்திரை, 'திருத்தப்பட்டது' என்று மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் திருத்தப்பட்டது, யாருடைய அளவுகோலால் திருத்தப்பட்டது என்று சொல்லாது. தவிர, அது விளம்பரத்துக்குத்தான். மணமேடைப் படத்துக்கு எந்தச் சட்டம் வரும்? அங்கே நீதிபதி நீங்கள்தான்.

ஆகவே, இளைஞர்களே, உங்கள் கையிலுள்ள சில சோதனைகளைச் சொல்லுகிறோம். படம் திருத்தி வந்ததும் முகத்தைப் பார்க்குமுன் கையையும் காதையும் கழுத்தையும் பாருங்கள். மூன்றும் முகத்தோடு உறவுடையனவா? கூந்தலிலுள்ள மல்லிகையைப் பாருங்கள். பூவுக்கும் கன்னத்துக்கும் இடையே வேறுபாடு இருக்கிறதா? படத்தின் நிறத்தை நீக்கிக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். ஒளி எங்கிருந்து வந்தது என்று இன்னமும் தெரிந்தால் அது ஒளியூட்டிய படம். முகம் தட்டையான தாளாகத் தெரிந்தால் அது வெளுத்த படம். வேலை தொடங்குமுன்பே ஸ்டூடியோக்காரரிடம் சொல்லுங்கள்: "நிறத்தைத் தொடாதீர்கள், ஒளியைக் கூட்டுங்கள், இரண்டு மாதிரி காட்டுங்கள்." அதற்குரிய உழைப்பு மிகுதி, ஆகவே அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

மேடையிலே நிறவேற்றுமையைச் சாடுகிறோம். மாநாட்டுச் சுவரொட்டியிலே நம் தலைவரின் முகத்தை இரண்டு படி வெளுக்க விடுகிறோம். கூட்டத்திலே கருமை நம் பெருமை என்று முழங்குகிறோம். செல்பேசியின் 'பியூட்டி' பொத்தானை அணைக்க மறக்கிறோம். அடுத்த சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன், அடுத்த மணமக்கள் படம் வாயிலில் ஏறுமுன், கணிப்பொறியின் முன் ஒரு மணிநேரம் உட்காருங்கள். முகமும் கையும் ஒரே ஆளுடையனவாக இருக்கட்டும்.